பல் டாக்டர் சரி பண்ணிய கடிகாரம்

கடிகாரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பல் டாக்டர், "செத்துக் கிடந்த கடிகாரம்" என்றுதான் ஆரம்பிப்பார். அது சாகவில்லை. மாமனாரின் மணிக்கட்டில், சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய கைக்கடிகாரமாக, நாளொன்றுக்குச் சில நிமிடம் பின்தங்கி, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கும்போது முள்ளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்துக்கொள்வார். அதை ஒரு தொந்தரவாக அவர் நினைத்ததே இல்லை.

வினை வந்தது மூத்த மாப்பிள்ளையால். அவர் லிஃப்ட் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமெல்லாம் மாமனார் வீட்டில் சாப்பிடக் கூடியிருந்தபோது, புதிதாக வாங்கிய கடிகாரத்தைக் கழற்றி மேஜை நடுவில் வைத்தார். அது நேரம் காட்டும், நாடி பார்க்கும், எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் எழுந்திரு என்று அதட்டும். மாமியார் அதைக் கையில் வாங்கி, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பல் டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இளைய மாப்பிள்ளை. சகலை எதைக் கொண்டுவந்து காட்டினாலும் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சமயம் பார்த்து மாமனார் தன் கையைத் திருப்பிப் பார்த்து, "என்னுது கொஞ்சம் லேட்டாதான் ஓடுது. வயசாயிடுச்சு, என்னை மாதிரி" என்றார். பேச்சுக்குச் சொன்னதுதான்.

"குடுங்க மாமா, நான் பாத்துத் தரேன்" என்றார் பல் டாக்டர்.

மேஜையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கொஞ்ச நாளாகவே அவர் பழைய கடிகாரங்களைப் பிரித்து மாட்டும் வீடியோக்களைப் பார்த்துவந்தார் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளைக் கையுறை போட்ட யாரோ ஒருவர், துரும்பு துரும்பாகச் சக்கரங்களை எடுத்து வைப்பார். பின்னணியில் மெல்லிசை. கடைசியில் கடிகாரம் டிக்கென்று உயிர் பெறும். பார்க்கப் பார்க்க டாக்டருக்கு, தான் வெறுமனே பார்க்கவில்லை, தானே செய்துகொண்டிருப்பதாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

"டாக்டரே, அது பல்லு இல்ல, கடிகாரம்" என்றார் மூத்த மாப்பிள்ளை.

"வேர் சிகிச்சை பண்ற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா அண்ணே? வாய்க்குள்ள இருட்டுல, எச்சில்ல, நாக்கு வந்து முட்ட முட்ட வேலை பாக்கறோம். இது மேஜைல, வெளிச்சத்துல, ஆடாம கெடக்கும்."

மாமனார் மட்டும் மெதுவாக, "ஓடிட்டுத்தான் இருக்கு மாப்ள" என்றார்.

"ஓடினா போதுமா மாமா? சரியா ஓட வேண்டாமா?"

இதற்கு மேல் மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது. மாமனார் வார்ப்பட்டையைக் கழற்றி, ஒரு முறை கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, கொடுத்துவிட்டார். பல நாள் வெயில் படாத இடம் மணிக்கட்டில் வெளுப்பாகத் தெரிந்தது. அதை அவர் இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

பழகுகிறவர்கள் முதலில் ஒன்றுக்கும் உதவாத கடிகாரம் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பழக வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் டாக்டர் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தார்.

அவருடைய கிளினிக் மத்தியானத்தில் மூடியிருக்கும். முன்னறையில் நாற்காலி, விளக்கு, வாய் கொப்பளிக்கும் தொட்டி. பின்னறையில் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் பெட்டி, அலமாரி, நர்ஸம்மாவின் சாப்பாட்டு மேஜை. நர்ஸம்மா கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து அவரிடம் இருப்பவர். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், டாக்டர் எதிரில் வந்து பச்சைத் துணி விரித்து, நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்வதைப் பார்த்தார்.

"பேஷண்ட் யாரும் இல்லையே டாக்டர்?"

"இதுதான் பேஷண்ட்" என்று கடிகாரத்தைக் காட்டினார்.

நர்ஸம்மா டப்பாவைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

பின்மூடியைத் திறக்க டாக்டர் எடுத்தது பல்லில் காறை சுரண்டும் கொக்கி. அது வழுக்கி, பின்மூடியின் குறுக்கே பளிச்சென்று ஒரு கோடு போட்டது. "பின்னாடிதானே, யாரு பாக்கப் போறா" என்றார். இரண்டாவது தடவை வழுக்கியபோது அந்தச் சமாதானமும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை மூடி தெறித்து நர்ஸம்மாவின் சோற்றில் விழுந்தது. அவர் அதை எடுத்து, தண்ணீரில் அலசி, டாக்டர் முன்னால் வைத்தார்.

உள்ளே பார்த்ததும் டாக்டருக்கு மெய்சிலிர்த்துப்போனது உண்மைதான். பொன்னிறச் சக்கரங்கள், மயிரிழைபோலச் சுருண்ட ஒரு ஸ்பிரிங், சிவப்புப் புள்ளிகளாய்க் கற்கள், எல்லாம் மூச்சு விடுவதுபோல் அசைந்துகொண்டிருந்தன. அவர் இருபது போட்டோ எடுத்தார். திரும்பப் பூட்டும்போது பார்த்துக்கொள்ள எடுக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்வார்கள், அதற்காக அல்ல. கடிகாரப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் அவர் சேர்ந்திருந்தார். "இன்று என் அறுவை சிகிச்சை மேஜையில்" என்று தலைப்புப் போட்டு அதில் ஏற்றினார். விருப்பக் குறிகள் வந்து விழ ஆரம்பித்தன. அதற்கப்புறம் கை நிற்குமா.

சாவியின் முறுக்கை முதலில் இறக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அதை அவர் செய்யவில்லை. சக்கரங்களைத் தடுத்து நிறுத்துகிற, நங்கூரம்போல் சின்னதாய் ஒரு துண்டு உண்டு. கடிகாரத்தை டிக் டிக்கென்று சொல்லவைப்பதே அதுதான். அதைத் திருகு கழற்றித் தூக்கினார். அடைபட்டுக் கிடந்த முறுக்கு மொத்தமும் ஒரே மூச்சில் விடுபட்டு, சக்கரங்கள் கிர்ர்ரென்று சுழன்று, தானாக ஓய்ந்தன.

"என்ன சத்தம் டாக்டர்?"

"அது அப்படித்தான் சத்தம் போடும்" என்றார் டாக்டர். பல் பிடுங்கும்போது நோயாளி அலறினாலும் வெளியே காத்திருப்பவர்களிடம் இதைத்தான் சொல்வார். பூதக்கண்ணாடிக்குள் பார்த்தார். தெய்வாதீனமாகச் சக்கரப் பல் ஒன்றும் உடைந்திருக்கவில்லை. பல்லைப் பற்றிய விஷயம் என்பதால் நன்றாகவே எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் சுத்தம் செய்யும் படலம். சுத்தம் என்று வந்துவிட்டால் டாக்டரை யாரும் மிஞ்ச முடியாது. பிரித்த துண்டுகளையெல்லாம் ஸ்பிரிட்டில் போட்டு ஊறவைத்துவிட்டு, முன்னறையில் நோயாளியைப் பார்க்கப் போனார். வந்தவர் ஒரு லாரி டிரைவர். வாயைப் பிளந்து, உள்ளே பஞ்சு திணித்து, உறிஞ்சுகுழாய் மாட்டிய பிறகு டாக்டர் பேச ஆரம்பித்தார். கடிகாரமும் வாயும் ஒன்றுதான், இரண்டிலும் அழுக்குத்தான் எமன், பொறுமை இல்லாதவன் இரண்டையும் தொடக்கூடாது என்று விரிவாக எடுத்துச் சொன்னார். டிரைவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை.

திரும்பி வந்து ஸ்பிரிட்டை வடித்தபோது, நங்கூரத் துண்டின் இரண்டு முனைகளிலும் இருந்த குட்டிச் சிவப்புக் கற்கள் தனியாகக் கழன்று கிண்ணத்தின் அடியில் கிடந்தன. டாக்டர் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, "கற்கள் விழுந்துவிட்டன, தயாரிப்புக் கோளாறா?" என்று கேட்டார்.

பதில் உடனே வந்தது. அந்தக் குழுவில் "அரை முள்" என்ற புனைபெயரில் ஒருவர் இருந்தார். யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. "கற்களை ஒட்டியிருப்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அறுவை சிகிச்சை மேஜை என்றீர்களே, சவக்கிடங்கு என்று திருத்திக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். முந்தின நாள் போட்டோவுக்கு விழுந்ததைவிட இதற்கு விருப்பக் குறி அதிகம்.

டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. குழுவிலிருந்து வெளியேறினார். சாயங்காலம் வந்த நோயாளிகளில் இரண்டு பேருக்கு ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. அரக்கு இல்லாவிட்டால் என்ன, அவரிடம் பல்லில் ஓட்டை அடைக்கும் பசை இருந்தது. நீல விளக்கைக் காட்டினால் கல்லாய் இறுகிவிடும். கல்லை இடுக்கியில் பிடித்து, பசை தொட்டு, முனையில் பொருத்தி, நீல வெளிச்சத்தைக் காட்டினார். நர்ஸம்மா பழக்க தோஷத்தில் உறிஞ்சுகுழாயை நீட்டினார். டாக்டர் அலறிப்போய் அவர் கையைத் தள்ளிவிட்டார். தப்பியது. இல்லாவிட்டால் இரண்டாவது கல் சாக்கடைக்குப் போயிருக்கும்.

திரும்பப் பொருத்துவதற்காக மயிரிழை ஸ்பிரிங்கைத் தூக்கும்போது இடுக்கி பட்டு அது சிக்கு விழுந்த தலைமுடிபோல் ஆகிவிட்டது. வேர் சிகிச்சைக்கு வைத்திருக்கும் ஊசியால் ஒவ்வொரு சுருளாகப் பிரித்து எடுத்தார். மூன்று மத்தியானம் போனது. அந்த மூன்று மத்தியானமும் அவர் சாப்பிடவில்லை, போனை எடுக்கவில்லை, யாரிடமும் எதையும் விளக்கவில்லை. இந்தக் கதையில் அவரை மெச்ச வேண்டுமென்றால் இந்த இடத்தில் மெச்சலாம். கடைசியில் எண்ணெய். கடிகாரத்துக்கென்று தனி எண்ணெய் உண்டு, குண்டூசி முனையில் எடுத்து ஒற்ற வேண்டும். அவரிடம் இருந்ததோ பல் துளைக்கும் கருவிக்கு அடிக்கிற எண்ணெய், பீய்ச்சும் குப்பியில். தாளிக்கிற மாதிரி ஊற்றினார்.

எல்லாவற்றையும் பூட்டிச் சாவி கொடுத்தார். ஓடவில்லை. தட்டினார். ஓடவில்லை. நோயாளிகளுக்கு வாயில் காற்றடிக்கும் குழாயால் ஒரு முறை ஊதினார்.

கடிகாரம் ஓடியது.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நர்ஸம்மா, இங்க வாங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டுக் காதில் வைத்துக் காட்டினார். "ஓடுது டாக்டர்" என்றார் நர்ஸம்மா. பிறகு, "முன்னாடியும் ஓடுச்சுல்ல?" என்று கேட்டார். டாக்டர் அது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

சாயங்காலம் கிளினிக்கைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மாமனாரின் கடிகாரம் நன்றாகவே முந்திப்போயிருந்தது. வழிந்த எண்ணெயில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கடிகாரம் இப்படித்தான் தலைதெறிக்க ஓடும். அரை முள்ளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கூடவே நாலு வார்த்தையும் சேர்த்து. டாக்டர் யாரையும் கேட்கவில்லை. "புதுசா எண்ணெய் போட்டிருக்கு. போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டார். நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி, இந்த வாக்கியத்தை அவரே நம்பத் தொடங்கிப் பல காலம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீட்டுக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்பு காரை ஓரமாக நிறுத்தி முள்ளைச் சரியாகத் திருப்பிவைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பார்த்தாள்.

"எதுக்கு இப்ப திருப்பறீங்க?"

"சும்மா. கார் குலுக்கல்ல மாறியிருக்கும்."

அவள் கணக்கு டீச்சர். பொய்யான விடையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்து, எந்த வரியில் தப்பு நடந்தது என்று தேடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு விட்டுவிட்டாள்.

கடிகாரத்தை அவர் பல்செட் கொடுக்கும் டப்பாவில், பஞ்சு மேல் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மாமனார் டப்பாவைத் திறக்கத் தயங்கினார். உள்ளே கடிகாரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். காதில் வைத்தார். "சத்தம் நல்லாக் கேக்குது" என்றார். மூத்த மாப்பிள்ளை தன்னுடைய கடிகாரத்தை நீட்டி ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. "பரவால்லியே டாக்டரே" என்று அவர் வாயாலேயே சொல்லும்படி ஆயிற்று.

அந்த ஒரு வார்த்தைக்காகவே டாக்டர் இன்னொரு கடிகாரத்தைக்கூடக் கெடுத்திருப்பார். சாப்பிடும்போது நங்கூரத் துண்டைப் பற்றியும் ஸ்பிரிங்கைப் பற்றியும் நடுவிலே நிறுத்தாமல் பேசினார். மாமனார் சாப்பிட்டுக்கொண்டே கடிகாரத்தைத் திருப்பிப் பின்மூடியைப் பார்த்தார். இரண்டு கோடுகளையும் விரலால் தடவினார். ஆயுளெல்லாம் அச்சுப்பிழை பார்த்த கண். பிறகு கையில் கட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் மாமனாரையும் மாமியாரையும் டாக்டர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றபோது அழைப்பு மணி அடித்தது. டாக்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் நிற்கிறார்கள்.

"என்னப்பா, இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் மகள்.

மாமனார் மணிக்கட்டைப் பார்த்தார். "சரியான நேரத்துக்குத்தான்மா வந்திருக்கோம். மாப்ள சரி பண்ணின கடிகாரம், தப்பாவா காட்டும்?"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரைத்தூக்கத்தில் இழுத்துக்கொண்டு வரப்பட்டவர் முகம் அது.

டாக்டர் வாயில் நுரையோடு நின்றார். மாமனார் நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறாரா, கேலிதான் பண்ணுகிறாரா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த முகத்தில் ஒரு கோணல் இருக்க வேண்டுமே, தேடினார். ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழை திருத்தும்போது எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படியே உட்கார்ந்து, பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

இது ஒரு நாளோடு நிற்கவில்லை. வங்கி திறப்பதற்கு முன்பே போய்க் காவலாளியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். பேத்தியின் பள்ளி விழாவில் நாற்காலி போடுகிறவர்களுக்கு முன்பே போய், அவர்களோடு சேர்ந்து நாற்காலி போட்டார். யார் கேட்டாலும் ஒரே பதில். "எங்க சின்ன மாப்ள பல் டாக்டர். அவர் சரி பண்ணிக் குடுத்தது. ஊர்ல இருக்கற கடிகாரமெல்லாம்தான் லேட்டு." கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூத்த மாப்பிள்ளை தினமும் போன் பண்ணி, "டாக்டரே, நாளைக்கு என்ன நடக்கும்னு மாமாவைக் கேட்டுச் சொல்லுங்க. அவர் இப்ப அங்கதான் இருக்கார்" என்று விசாரித்தார்.

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மாமனாரிடமே போனார்.

"மாமா, அதைக் கொஞ்சம் குடுங்க. லேசா ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் பாக்கி இருக்கு."

மாமனார் கடிகாரத்தின் மேல் இன்னொரு கையை வைத்து மூடினார். "வேணாம் மாப்ள. நல்லா சுறுசுறுப்பா இருக்கு. இனிமே நீங்க சிரமப்பட வேணாம்."

"சிரமமே இல்ல மாமா."

"எனக்குச் சிரமமா இருக்கும் மாப்ள" என்றார் மாமனார், ரொம்பப் பணிவாக.

இப்படியே போயிருந்தால் நாளடைவில் எல்லோருக்கும் பழகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமனார் ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. பல் டாக்டருக்கு இதைக்கூடக் கவனிக்கத் தெரியாமல் இருக்குமா.

"என்ன மாமா, பல்லா?"

"கடவாய்ப் பல்லு. எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? எங்க எடுத்தீங்க?"

மாமனார் ரொட்டியைப் பார்த்தார். மாமியார்தான் சொன்னார். "தபால் ஆபீஸ் எதிர்ல ஒரு டாக்டர் இருக்காரே, அவர்கிட்ட."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தபால் ஆபீஸ் எதிரில் இருப்பவன் அவரோடு கல்லூரியில் படித்தவன். மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் குறடு. முதல் வருஷம் பல்லுக்குப் பதிலாக உதட்டைப் பிடித்து இழுத்தவன். அந்தக் கதையை இதே மேஜையில் டாக்டரே நாலைந்து தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"குறடுகிட்டயா? நான் ஒருத்தன் இருக்கேனே மாமா."

"உங்களுக்கு வேலை ஜாஸ்தின்னு…"

"எனக்கு என்ன வேலை? ஒரு போன் பண்ணியிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேன். உண்மையச் சொல்லுங்க மாமா. ஏன் என்கிட்ட வரல?"

மூத்த மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டார். பேசினால் தையல் இழுத்தது போலிருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"கடிகாரம்னா பரவால்ல மாப்ள. முன்னபின்ன போனா திருத்தி வச்சுக்கலாம்."

மூத்த மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மாமியார் அவர் தலையில் தட்டும் சாக்கில் எழுந்து அந்தப் பக்கம் போனார். டாக்டரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியாமல் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு எழுந்து கைகழுவி வந்து, போனில் விளக்கைப் போட்டார். "வாயைத் திறங்க மாமா."

மாமனார் சின்ன மகளைத் தேடினார். அவள் இல்லை.

"சும்மா பாக்கறேன். கை வைக்க மாட்டேன்."

மாமனார் திறந்தார். டாக்டர் குனிந்து, விளக்கைச் சாய்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தேடினார். ஒரு கிழிசல், ஒரு வேர்த்துண்டு, விட்டுப்போன ஒரு ஓரம், ஏதாவது இருந்தாக வேண்டும். குறடு வேலை பார்த்த வாய். ஈறு சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது. தையல் புடவைக் கடைக்காரன் ஓரம் அடித்ததுபோல வரிசையாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் மாமியார்.

விளக்கை அணைத்துப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் டாக்டர். "நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றார்.

காரில் திரும்பினார்கள். மனைவி இன்னும் சிரிப்பு மிச்சமிருந்த முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தையல் இருக்கு பாரு. காலேஜ்ல அவனுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்படியா" என்றாள் மனைவி.